இந்தியாவில் காற்றாலை மின்சாரம்: அரசு ஆதரவும் மெதுவான வளர்ச்சியும்

இந்தியாவின் காற்றாலை மின் நிறுவுதிறன் 2025 மார்ச் இறுதியில் ஏறத்தாழ 50 கிகாவாட் ஆகும். சீனா, அமெரிக்கா, செருமனி ஆகிய நாடுகளுக்கு அடுத்து உலகில் நான்காம் இடம் இது. ஆனால் இந்த 50 கிகாவாட்டை எட்ட நாட்டுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 2015ஆம் ஆண்டில் காற்றாலைத் திறன் 23 கிகாவாட்டாக இருந்தபோது சூரிய மின் திறன் 4 கிகாவாட்டைக்கூட எட்டவில்லை. பத்தாண்டுகளில் சூரிய மின்சாரம் 100 கிகாவாட்டைத் தாண்டிவிட, காற்றாலை இருமடங்காவதற்கே திணறியது.

காற்று குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. தரையிலிருந்து 120 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று வளம் 695 கிகாவாட் எனவும், 150 மீட்டரில் 1,100 கிகாவாட்டுக்கும் மேல் எனவும் சென்னையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அரசு ஆதரவு தரவில்லை என்றும் சொல்ல முடியாது. வரிச்சலுகை, ஊக்கத்தொகை, நிலையான கொள்முதல் விலை, கடன் எனப் பல உருவங்களில் ஆதரவு இருந்தே வந்துள்ளது. அது எதற்காகத் தரப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்பதைப் பார்த்தால்தான் வளர்ச்சி ஏன் விட்டுவிட்டு நடந்தது என்பது புரியும்.

தொடக்கம்

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மாற்று ஆற்றல் மீது இந்திய அரசின் கவனம் திரும்பியது. மரபுசாரா ஆற்றலுக்கென நடுவண் அரசில் 1982இல் தனித் துறை அமைந்தது. 1992இல் அது தனி அமைச்சகமாக உயர்ந்தது. கடன் வழங்குவதற்காக இந்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வளர்ச்சி முகமை 1987இல் நிறுவப்பட்டது.

1986இல் குசராத், மகாராட்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கடலோரங்களில் முதல் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக் கடற்கரை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அன்றைய இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். இன்று நிறுவப்படும் 3 மெகாவாட் இயந்திரம் ஒன்று அவற்றில் 54க்குச் சமம்.

காற்றாலைக்கு இடத் தேர்வு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். காற்றிலிருந்து கிடைக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் கூடிப் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே பல்லடம், உடுமலைப்பேட்டை. செங்கோட்டைக் கணவாயை ஒட்டித் தென்காசி வட்டாரம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல். இவற்றுடன் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. தமிழ்நாடு நீண்ட காலம் காற்றாலை மின்சாரத்தில் முதல் மாநிலமாக இருந்ததற்கு இந்த நான்கு வழிகளே அடிப்படை. மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியைத் தருகிறது. மற்ற மாதங்களில் முப்பந்தல் இறக்கைகள் பல நாள் சோம்பியே நிற்கும்.

வரிச்சலுகை கட்டிய காற்றாலைகள்

செயல்விளக்கக் கட்டத்தைத் தாண்டித் தனியார் முதலீட்டை இழுத்து வந்தது விரைவுத் தேய்மானம் என்ற வருமானவரி ஏற்பாடு. எந்த இயந்திரமும் ஆண்டுதோறும் தேய்ந்து மதிப்பு குறையும் என்பதால், அந்தக் குறைவை நிறுவனம் தன் இலாபத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டுகிறது. பொதுவான இயந்திரங்களுக்கு இக்கழிவு ஆண்டுக்கு 15 விழுக்காடு அளவில் இருக்கும். காற்றாலைக்கு 1990களின் தொடக்கத்தில் முதல் ஆண்டிலேயே 100 விழுக்காடும், பின்னர் 80 விழுக்காடும் அனுமதிக்கப்பட்டது.

இதன் பயனை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். ஒரு நூற்பாலை 5 கோடி ரூபாயில் ஒரு காற்றாலை வாங்குகிறது என்றும், வரி விகிதம் 33 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். 80 விழுக்காட்டுத் தேய்மானம் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 4 கோடி ரூபாய் இலாபத்துக்கு வரி இல்லை. மிச்சமாகும் வரி ஏறத்தாழ 1 கோடியே 32 இலட்சம். 15 விழுக்காடு மட்டும் என்றால் மிச்சம் 25 இலட்சத்தைத் தாண்டாது. சரியாகச் சொன்னால் இது வரி தள்ளுபடி அன்று. பின்னால் கட்ட வேண்டியதை ஒத்திப்போடுவதே. ஆயினும் நல்ல இலாபம் ஈட்டிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு அது வட்டியில்லாக் கடன் போன்றது.

கோயம்புத்தூர், திருப்பூர், இராசபாளையம் வட்டார நூற்பாலைகளும் பின்னலாடை நிறுவனங்களும் காற்றாலை உரிமையாளர்கள் ஆனது இவ்வாறுதான். அவர்களுக்கு வரிச்சலுகை ஒரு பக்கம்; மின்வெட்டிலிருந்தும் உயர்ந்த மின் கட்டணத்திலிருந்தும் தப்பித்தல் மறுபக்கம். குசராத்தில் துணித் தொழில் நடத்திவந்த துல்சி தந்தியும் மின் செலவைக் குறைப்பதற்காகக் காற்றாலை பக்கம் வந்தவரே. அவர் 1995இல் தொடங்கிய சுசுலான் பின்னர் நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தயாரிப்பு நிறுவனமாக வளர்ந்தது.

இச்சலுகையின் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. காற்றாலையை நிறுவியதற்குத்தான் பரிசு. அது எத்தனை யூனிட் தந்தது என்று வருமானவரித் துறை கேட்பதில்லை. ஓர் ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பது விதி. எனவே செப்டம்பர் இறுதிக்குள் நிறுவினால் முழுச் சலுகை, மார்ச் 31க்குள் நிறுவினால் பாதிச் சலுகை. காற்று வீசும் காலத்தைவிட வரி நாட்காட்டியே நிறுவும் காலத்தை முடிவு செய்தது. நிதியாண்டு முடியும் தறுவாயில் அவசர அவசரமாக எழுப்பப்பட்டவை, இடத்தின் காற்று வேகம் போதிய ஆண்டுகள் அளந்து பார்க்கப்படாதவை, பராமரிப்பில் அக்கறை காட்டப்படாதவை எனப் பல இயந்திரங்கள் 1990களில் நின்றன.

வரியை நம்பி வளர்ந்தது வரி மாறியதும் விழுந்தது. 1995-96இல் ஏறத்தாழ 380 மெகாவாட் நிறுவப்பட்டது. 1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி அறிமுகமாயிற்று. இலாபம் காட்டியும் கழிவுகளால் வரியே கட்டாமலிருந்த நிறுவனங்களும் ஓரளவு வரி கட்டியாக வேண்டும் என்று அது விதித்ததால், தேய்மானச் சலுகையின் கவர்ச்சி குறைந்தது. அடுத்த ஆண்டு நிறுவப்பட்டது முந்தைய ஆண்டின் பாதிக்கும் குறைவு.

உற்பத்திக்கு ஊக்கத்தொகை

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் நிலைமையைச் சற்று உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு மாநில ஒழுங்குமுறை ஆணையமும், மின் பகிர்மான நிறுவனங்கள் வாங்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்க வழிகளிலிருந்து வர வேண்டும் என்று நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. ஆணையங்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலையையும் முன்கூட்டியே அறிவித்தன.

2009 டிசம்பரில் நடுவண் அரசு உற்பத்தி அடிப்படையிலான ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தது. மின் கட்டமைப்புக்குத் தரப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு; ஒரு மெகாவாட்டுக்கு மொத்தம் 62 இலட்சம் ரூபாய் வரை; நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமலும் பத்து ஆண்டுகளுக்கு மிகாமலும் அது வழங்கப்படும். விரைவுத் தேய்மானம் பெறுவோர் இதைப் பெற முடியாது. 25 விழுக்காடு பயன்பாட்டுடன் ஓடும் ஒரு மெகாவாட் இயந்திரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் யூனிட் தரும் என்பதால், ஆண்டுக்கு 11 இலட்சம் ரூபாய் அளவில் கூடுதல் வருமானம். காற்றில்லாத இடத்தில் நிறுத்தியவருக்கு அதற்கேற்பக் குறைவு. இதுவரை வந்த ஏற்பாடுகளில் அறிவுடையது இதுவே எனலாம். வரி மிச்சப்படுத்த இலாபம் ஏதும் கையில் இல்லாத, மின் உற்பத்தியையே தொழிலாகக் கொண்ட புதிய நிறுவனங்கள் இதனால் களத்துக்கு வந்தன.

2011-12இல் 3,000 மெகாவாட்டுக்கும் மேல் சேர்ந்தது. அந்த நிதியாண்டு முடிந்ததும் இரண்டு ஆதரவுகளும் ஒன்றாகப் போயின. ஊக்கத்தொகைத் திட்டம் 2012 மார்ச்சோடு முடிந்தது. ஏப்ரலிலிருந்து விரைவுத் தேய்மானமும் இல்லை. 2012-13இல் சேர்ந்தது 1,700 மெகாவாட் அளவே. பின்னர் ஊக்கத்தொகை 2013இல் திரும்ப வந்தது, உச்சவரம்பு மெகாவாட்டுக்கு 1 கோடி ரூபாயாக உயர்ந்தது. 80 விழுக்காட்டுத் தேய்மானம் 2014 சூலையில் திரும்ப வந்தது. கொடுத்ததை எடுத்து, எடுத்ததை மறுபடி கொடுக்கும் இந்த ஈராண்டு இடைவெளியில் ஆணைகள் இல்லாமல் தவித்த தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இறக்கை, கோபுரம், பற்சக்கரம் செய்து தந்த சிறு தொழிற்கூடங்களுக்கும் இழப்பீடு தருவார் எவரும் இல்லை.

ஏலத்தின் வருகை

2015இல் நடுவண் அரசு, 2022க்குள் 175 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திறன் என்ற இலக்கை அறிவித்தது. அதில் காற்றாலையின் பங்கு 60 கிகாவாட். 2016-17இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 5,500 மெகாவாட் நிறுவப்பட்டது. இது அதுவரை இல்லாத அளவு. ஊக்கத்தொகை 2017 மார்ச் 31ஆம் நாள் முடிகிறது, தேய்மானமும் மறுநாள் முதல் 40 விழுக்காடாகக் குறைகிறது என்பதால் எல்லோரும் முந்திக்கொண்டனர்.

அதே நேரத்தில் விலை நிர்ணயிக்கும் முறையும் மாறியது. 2017 பிப்ரவரியில் இந்திய சூரிய ஆற்றல் கழகம் காற்றாலைக்கான முதல் தலைகீழ் ஏலத்தை நடத்தியது. யார் மிகக் குறைந்த விலைக்கு மின்சாரம் தருவதாக ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம். பல மாநிலங்களில் யூனிட்டுக்கு 4 ரூபாய்க்கும் மேலிருந்த விலை, அந்த ஏலத்தில் 3.46 ரூபாயாக இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் குசராத் நடத்திய ஏலத்தில் 2.43 ரூபாய்.

மலிவான மின்சாரம் மக்களுக்கு நல்லதுதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஏலத்தில் கேட்ட விலை காகிதத்தில் இருக்க, கட்டி முடித்த காற்றாலைகள் குறைந்தன. பழைய விலையில் ஒப்பந்தம் போட இருந்த மாநில மின் நிறுவனங்கள் கையை இழுத்துக்கொண்டன. ஆந்திரத்தில் 2019இல் அமைந்த புதிய அரசு, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் விலையையே குறைக்க முயன்றது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்து, 2022 மார்ச்சில்தான் உற்பத்தியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுக்கு உரிய தொகை முழுமையாகக் கிடைக்கவில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே ஏலம் என்பதால் இன்னொரு சிக்கலும் எழுந்தது. மாநிலங்களுக்கு இடையிலான மின்தொடர்க் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. எங்கிருந்து அனுப்பினாலும் செலவு ஒன்றுதான் என்றபோது, எல்லோரும் காற்று மிகுந்த குசராத்தின் கட்ச் பகுதியையும் தமிழ்நாட்டையும் நாடினர். நிலம் கிடைப்பது கடினமானது. துணை மின்நிலையங்களில் இடம் போதவில்லை. காற்று நடுத்தரமாக வீசும் மாநிலங்களில் போட்டியிடவே ஆளில்லை. திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயின, சில கைவிடப்பட்டன. ஏல விலைக்கு ஏற்ப இயந்திர விலையைக் குறைக்கும்படி நெருக்கப்பட்ட தயாரிப்பாளர்களில் சிலர் கடனில் மூழ்கினர்.

2017 மார்ச்சிலிருந்து 2022 மார்ச் வரை ஐந்து ஆண்டுகளில் நாடு சேர்த்தது ஏறத்தாழ 8 கிகாவாட் மட்டுமே. 2022 முடிவில் 60 கிகாவாட் இலக்கில் 42 கிகாவாட்டே எட்டப்பட்டிருந்தது. 2023இல் காற்றாலைக்கான தலைகீழ் ஏலத்தை அரசு கைவிட்டு, மூடிய உறையில் விலை கேட்கும் முறைக்கு மாறியது. ஆண்டுதோறும் 8 கிகாவாட் அளவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படும் என்றும் அறிவித்தது. 2022-23இல் 2.3, அடுத்த ஆண்டு 3.3, 2024-25இல் 4.2 கிகாவாட் எனச் சேர்க்கை மீண்டும் ஏறுகிறது. 2016-17இன் அளவை அது அப்போதும் தொடவில்லை. 2030க்குள் ஏறத்தாழ 100 கிகாவாட் என்ற திட்டக் கணக்குக்கு ஆண்டுக்குச் சராசரி 10 கிகாவாட் தேவை.

மாநிலத்தின் பக்கம்

நடுவண் அரசு சலுகையை அறிவிக்கலாம். மின்சாரத்தை வாங்கிப் பணம் தருவது மாநில மின் நிறுவனம். தமிழ்நாட்டில் காற்றாலை உரிமையாளர்களுக்குத் தர வேண்டிய தொகை ஓராண்டுக்கும் மேலாக நிலுவையில் நின்ற காலங்கள் உண்டு. வங்கிக் கடனுக்கான தவணை அவ்வளவு காலம் காத்திருக்காது. நிலுவையைத் தவணைகளாகத் தீர்க்கும் கட்டாயத்தை நடுவண் அரசு 2022இல் விதிகளாகவே கொண்டுவர வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் உள்ள ஒரு வழக்கு, மின்சாரத்தை வங்கியில் போடுவது. முப்பந்தலில் காற்றாலை வைத்திருக்கும் கோவை நூற்பாலை, சூன் மாதத்தில் தனக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும் யூனிட்டுகளை மின் வாரியத்திடம் கணக்கில் விட்டுவைத்து, காற்றில்லாத சனவரியில் திரும்பப் பெறலாம். அதற்குக் கழிவாக வாரியம் 5 விழுக்காடு எடுத்துக்கொண்டது. பின்னர் அது 14 விழுக்காடானது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. காற்று மிகுந்து மின்சாரம் மலிந்த காலத்தில் கொடுத்துவிட்டு, பற்றாக்குறையான காலத்தில் கேட்டால், அந்த யூனிட்டை வெளியில் அதிக விலைக்கு வாங்கித் தர வேண்டியவர் நாங்கள்தானே என்பது வாரியத்தின் கணக்கு. இந்த வசதியை நம்பித்தானே கோடிக்கணக்கில் போட்டோம் என்பது ஆலைகளின் கணக்கு. 2018க்குப் பின் வரும் புதிய இயந்திரங்களுக்கு ஓராண்டுச் சேமிப்பு மறுக்கப்பட்டு, அது வழக்காகவும் நீண்டது.

மின்தொடர்ப் பாதை போதாமையும் சேர்ந்துகொண்டது. 2010களின் தொடக்கத்தில் தமிழகம் மின்வெட்டில் வாடிய காலத்திலேயே, காற்று மிகுந்த நேரங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நிலையும் இருந்தது. தென்மாநில மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் ஒத்திசைவாக இணைந்ததே 2013 டிசம்பர் 31இல், இராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத்தான். அதற்கு முன் தெற்கின் உபரியை வடக்கே அனுப்பும் வழி குறுகியது.

2025இல் குசராத் 12.6 கிகாவாட்டுடன் முதலிடத்திலும், தமிழ்நாடு 11.7 கிகாவாட்டுடன் இரண்டாம் இடத்திலும் உள்ளன.

பழைய இயந்திரங்கள் பிடித்திருக்கும் இடம்

முதலில் வந்தவர்கள் மிகச் சிறந்த இடங்களைப் பிடித்தனர். ஆகவே நாட்டின் மிக நல்ல காற்று இன்று 225, 250 கிலோவாட் போன்ற பழைய சிறு இயந்திரங்களின் மேல் வீசிக்கொண்டிருக்கிறது. அவற்றின் கோபுரங்கள் குட்டையானவை, உதிரி பாகங்கள் கிடைப்பது அரிது. அவற்றை எடுத்துவிட்டு உயரமான புதியவற்றை வைத்தால் அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். 2 மெகாவாட்டுக்குக் குறைந்த இயந்திரங்களை மாற்றுவதற்கான வாய்ப்பு மட்டும் 25 கிகாவாட் எனத் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இதற்கான கொள்கையை நடுவண் அரசு 2016இல் வெளியிட்டது. பலன் இல்லாததால் 2023இல் திருத்தியது. தமிழ்நாடு 2024இல் தனிக் கொள்கை அறிவித்தது. நடைமுறையில் தடை உரிமையில் இருக்கிறது. பெரிய இறக்கை உடைய இயந்திரத்துக்குச் சுற்றிலும் அதிக இடைவெளி வேண்டும். பத்துச் சிறு இயந்திரங்களை அகற்றி ஒன்றோ இரண்டோ வைக்க வேண்டுமானால், அந்தப் பத்துக்கும் உரியவர்கள் ஒப்ப வேண்டும். கடன் அடைந்து, செலவு குறைவாய், பழைய ஒப்பந்தத்தின் சேமிப்பு வசதியுடன் ஓடும் இயந்திரத்தை உரிமையாளர் ஏன் கழற்றுவார்? புதியது வைத்தால் அந்த வசதி போய்விடும் என்ற அச்சம் ஒன்றே பலரை நிறுத்தி வைத்திருக்கிறது. துணை மின்நிலையத்தின் கொள்ளளவு பழைய அளவிலேயே இருந்தால் கூடுதல் மின்சாரத்தை அனுப்பவும் வழியில்லை.

கடலில் காற்றாலை

கடலோரக் கடற்பகுதியில் காற்றாலை அமைப்பதற்கான தேசியக் கொள்கை 2015இல் வந்தது. குசராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்பாலுள்ள கடல்களில் மொத்தம் 70 கிகாவாட் வாய்ப்பு உண்டு என்பது மதிப்பீடு. தமிழ்நாட்டின் பங்கு மன்னார் வளைகுடாவை ஒட்டியது. கடலில் காற்று நிலத்தைவிடச் சீராக வீசும். ஆனால் அடித்தளம், கடலடி வடம், துறைமுக வசதி ஆகியவற்றால் செலவு பல மடங்கு. இந்தச் செலவு இடைவெளியை நிரப்ப 7,453 கோடி ரூபாய் உதவியை நடுவண் அமைச்சரவை 2024 சூனில் ஏற்றது. இரு மாநிலக் கடல்களிலும் தலா 500 மெகாவாட் அமைப்பதற்கும், இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கும் அத்தொகை. கொள்கை வந்து பத்தாண்டுகள் கழிந்த 2025இலும் இந்தியக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலைப் பண்ணை எதுவும் இல்லை.